வெளிச்சமில்லாத சின்னச் செல்

1985 ஏப்ரல் 16, செவ்வாய்

சாயம் வந்துவிட்டது. ஹங்கேரியிலிருந்து வந்த விருந்தினர் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விரல் நீளக் குப்பி, அடியில் மஞ்சளாக ஒரு சிட்டிகை. டாக்டர் ரேசெ அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஆய்வகத்தில் என்னிடம் வந்தார்.

"ஃப்ராவ் கோப்பே, இது தீர்ந்தா அடுத்த குப்பி வர ரெண்டு வருஷம் ஆகும். பக்கத்துல நின்னு தும்மிடாதீங்க."

ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பொருள். இதைத் தடவி, புற ஊதா விளக்கில் பார்த்தால், டி.என்.ஏ. இருக்கும் இடம் மட்டும் நீலமாக ஒளிரும்.

வீட்டில் சாப்பிடும்போது என் கணவன் ஆர்னோ கேட்டான், அப்படி என்னதான் தேடறீங்க என்று. பகல் முழுக்க டிராம் ஓட்டிவிட்டு வந்தவன், கண் பாதி மூடியிருந்தது. ஆனாலும் சொன்னேன். மகரந்தத் தூள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெரிய செல், அதற்குள் ஒரு சின்னச் செல். சின்னதுதான் பிறகு விந்தாகி முட்டைக்குப் போவது. இலையைப் பச்சையாக்கும் கணிகங்களுக்கு உட்கருவில் இல்லாத சொந்த டி.என்.ஏ. உண்டு. ஜெரேனியம் பூச்செடியில் அது தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும். உருளைக்கிழங்கில் தாயிடமிருந்து மட்டும். அப்படியானால் தகப்பன் பங்கு எங்கே, எப்போது தொலைகிறது?

"டிராம்ல குடையை விட்டுட்டு இறங்கற மாதிரியா?"

"ஆமா. எந்த நிறுத்தத்துல விட்டான்னு கண்டுபிடிக்கணும்."

"அது சுலபம். கடைசி நிறுத்தம்தான். எங்களுக்குக் கிடைக்கிறது எல்லாமே அங்கதான்."

டாக்டர் ரேசெயும் அதையேதான் எழுதி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். ஆர்னோவுக்கு ஒரே பெருமை.

ஏப்ரல் 30, செவ்வாய்

இரண்டு வாரமாக ஜெரேனியம். தகப்பன் பங்கு வருவது தெரிந்த பூ, கை பழகட்டும் என்று. சின்னச் செல்லுக்குள் கணிக டி.என்.ஏ. ஒளிரும் புள்ளிகள் சராசரி பதினொன்று. விளக்குப் பட்டதும் மங்கத் தொடங்கிவிடும், அதற்குள் எண்ணிவிட வேண்டும். முந்நூறு மகரந்தம் எண்ணி முடித்தேன். பட்டியல் டாக்டர் ரேசெயின் ஆய்வேட்டுக்குப் போய்விட்டது.

மே 7, செவ்வாய்

கண்ணாடி வீட்டில் உருளைக்கிழங்கு பூத்துவிட்டது. இன்று முதல் தடவை பார்த்தேன்.

நாற்பது மகரந்தம். பெரிய செல் முழுக்கப் புள்ளி, எண்ணி மாளாது. சின்னச் செல்லில் உட்கரு மட்டும் ஒளிர்கிறது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. நாற்பதிலும் அப்படியே. அதுவும் மொட்டு விரிவதற்கு எவ்வளவோ முன்னாலேயே.

டாக்டர் ரேசெ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயம் உள்ள இறங்கலை. மறுபடி போடுங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆறு வருட உழைப்பு. அந்த ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் சொந்தமாக வகுப்பெடுக்கும் தகுதி வரும். அதில் இருப்பது: தகப்பனின் கணிகங்கள் டி.என்.ஏ.வோடு சின்னச் செல்லில் ஏறி, முட்டையின் வாசல் வரை போய், அங்கேதான் அழிகின்றன. முதல் மூன்று அத்தியாயம் தட்டச்சுக்குப் போயிருக்கிறது. இலையுதிர் காலத்தில் கொடுக்க வேண்டும்.

நான் பார்த்தது சரி என்றால் அந்த முடிவைச் சொல்லும் நான்காம் அத்தியாயம் இல்லை.

மே 9, வியாழன்

மறுபடி போட்டேன். மறுபடி இருட்டு.

மே 14, செவ்வாய்

கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

இன்று அவரிடம் நேராகவே சொன்னேன். மகரந்தத்தை மெல்லியதாகச் சீவிய ஒரே துண்டு, ஒரே சாயம், ஒரே நிமிடம். பெரிய செல் ஒளிர்கிறது. அதற்குள்ளேயே இருக்கும் சின்னச் செல் ஒளிரவில்லை. சாயம் இறங்காமல் இருந்தால் உட்கரு மட்டும் எப்படி ஒளிரும்?

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, நல்லவிதமாகத்தான், "ஃப்ராவ் கோப்பே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இப்ப என்ன வயசு?" என்றார்.

ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருஷமா இதே நாற்காலி. இந்தக் கட்டடத்துல ஒரு தலைமுடியை ஆயிரம் துண்டா வெட்டத் தெரிஞ்சவ யாரு? கண்ணாடியை நானே உடைச்சு நானே கத்தியாக்கி, தண்ணியில மிதக்கிற துண்டை என் சொந்தக் கண்ணிமை மயிரை ஒரு குச்சியில ஒட்டித் தள்ளிக் கரை சேர்க்கிறேன். என்கிட்ட வயசு கேக்கறாரு. கேட்டுட்டு, "நீலம் பார்க்கிறது எல்லாக் கண்ணுக்கும் ஒரே மாதிரி இருக்காது"ன்னு வேற.

இருட்டறையில் படம் கழுவும் ரோஸ்விதாவிடம் சொன்னேன். "அவர் வயசை நீ கேட்டியா?" என்றாள்.

மே 21, செவ்வாய்

இடது கண்ணில் கட்டி. காலையில் கண் திறக்கவே இல்லை. ஒற்றைக் கண்ணோடு காப்பி போட்டேன்.

நீல எனாமல் கூஜா. இருபது வருடமாக வீட்டில் இருக்கிறது. அது இவ்வளவு நீலம் என்று எனக்குத் தெரியாது.

வீங்கின இமையை விரலால் தூக்கி இடது கண்ணால் பார்த்தேன். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி நிறம். வலது கண் — நீலம். இடது — சாம்பல். பத்துத் தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆர்னோ வந்து, "கூஜாவுக்குக் கண்ணடிக்கிறியா?" என்றான். சிரிக்க முடியவில்லை.

நுண்ணோக்கியில் நான் பார்ப்பது இடது கண்ணால். எப்போதும் இடது கண்ணால்தான்.

மே 29, புதன்

கண் மருத்துவர் சுருக்கமாகப் பேசும் அம்மாள். இடது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிப் புகை படிந்திருக்கிறது. வலது தெளிவாக இருக்கிறது. அறுவை இப்போது வேண்டாம், புரை முற்றட்டும் என்றார்.

"நீலம் மட்டும் குறைச்சலாத் தெரியுமா?"

"முதல்ல போறதே நீலம்தான்."

அப்படியானால் டாக்டர் ரேசெ சொன்னது சரிதானா? சின்னச் செல்லில் மங்கலாக ஏதாவது இருந்து, என் கண்ணுக்குத்தான் எட்டவில்லையா? யாரிடமும் சொல்லவில்லை. ஆர்னோவிடம் கூட, சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்று மட்டும்.

ஜூன் 3, திங்கள்

திரையை இழுத்துவிட்டு, கதவில் 'நுழையாதீர்' பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். வலது கண். கழுத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, மூக்கு இடிக்கிறது. கல்யாணமான புதிதில் மோதிரம் போட்ட கை மாதிரி, எல்லாமே இடைஞ்சல்.

உருளைக்கிழங்கு. பெரிய செல் — அடேயப்பா, இத்தனை நாள் நான் பார்த்தது பாதிதான் போலிருக்கிறது. அவ்வளவு புள்ளி. பிறகு சின்னச் செல்லுக்கு வந்தேன்.

இருட்டு. உட்கருவைத் தவிர ஒன்றுமே இல்லை. இருபது மகரந்தம், இருபதும் அப்படியே. நான் பார்த்தது சரி.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஜெரேனியம் கண்ணாடித் தகடும் பக்கத்திலேயே இருந்தது. அதையும் வைத்தேன்.

பதினொன்று என்று எண்ணியிருந்தேன். இருபத்தாறு இருக்கிறது. அடுத்ததில் இருபத்தொன்பது.

முந்நூறு மகரந்தமும் தப்பு. ஆய்வேட்டில் ஏறிய பட்டியல் தப்பு. அதை யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் கேட்கவும் போவதில்லை. பதினொன்றும் 'இருக்கிறது'தான், இருபத்தாறும் 'இருக்கிறது'தான். வாயை மூடிக்கொண்டால் உருளைக்கிழங்கில் நான் ஜெயிக்கலாம். வாயைத் திறந்தால் இரண்டிலும் என் பேச்சு எடுபடாது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கண், லென்ஸ், கூஜா, ஜெரேனியம், எல்லாம்.

டாக்டர் ரேசெ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை நம்பித்தான் ஒரு அத்தியாயம் எழுதினேன். இப்ப இது தப்புன்னு சொல்றீங்க, அது சரின்னு சொல்றீங்க. நான் எந்தக் கண்ணை நம்பறது?"

"என் கண்ணை நம்பவே வேண்டாம், டாக்டர். ஃபிலிமை நம்புங்க. எல்லாத்தையும் படமா எடுத்துடறேன். ஜெரேனியத்தை முதல்ல இருந்து எண்ணறேன்."

"அப்படியே உருளைக்கிழங்குல வெளிச்சம் இல்லைன்னாலும் ஒண்ணு கேப்பேன். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துல சின்னச் செல்லுக்குள்ள கணிகம் இருக்கறதைப் பார்த்தோம். ஆனா அது வேற பூ, வேற மகரந்தம். நீங்க சாயம் போட்டதுல கணிகமே ஏறாம இருந்திருக்கலாம் இல்லையா?"

நியாயமான கேள்வி. எரிச்சலோடு கேட்டாலும் நியாயமானதுதான்.

கதவு வரை போன பிறகு கூப்பிட்டார். "ஃப்ராவ் கோப்பே. ஜெரேனியத்தைச் சொல்லாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்" என்றேன்.

ஜூன் 12, புதன்

அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. டிராமில் நின்றுகொண்டிருந்தபோது.

ஒரே மகரந்தத்தையே இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். ஒரு துண்டு மெல்லியதாக, எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு. அடுத்த துண்டு தடித்து, சாயத்துக்கு. மறுபடி மெல்லியது, மறுபடி தடித்தது. ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டும் இயந்திரத்தில் தடிமன் திருகைத் திருப்பி, எதையும் தவறவிடாமல், வரிசை மாறாமல். கத்திக்குப் பின்னால் தண்ணீரில் மிதக்கும்போது மெல்லியது வெள்ளி நிறம், தடித்தது ஊதா. நிறம் பிசகினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படி யாரும் வெட்டுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. கத்தி ஒரு தடிமனுக்குப் பழகிவிட்டால் அதிலேயே போக விரும்பும்.

ஜூன் 20, வியாழன்

ஒன்பதாவது துண்டு சுருண்டுகொண்டது. நேற்று ஆறாவது. முந்தாநாள் கத்தியே பிளந்தது.

ஜூன் 27, வியாழன்

பதினேழு.

பதினேழு துண்டு, வரிசையாக, வெள்ளி ஊதா வெள்ளி ஊதா, ஒன்று கூடத் தவறவில்லை. கடைசித் துண்டை இமை மயிரால் தள்ளிக் கரை சேர்த்ததும் எழுந்து நின்றேன், கால் மரத்துப்போயிருந்தது. ரோஸ்விதா எட்டிப்பார்த்து, "யாராவது செத்துட்டாங்களா, குழந்தை பிறந்திருக்கா? உன் முகத்தைப் பார்த்தா ரெண்டும் மாதிரி இருக்கு" என்றாள். பதினேழு என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. இருவரும் அவளுடைய அலமாரியிலிருந்து ஆளுக்கு ஒரு மடக்கு செர்ரி மது குடித்தோம். பகல் பதினொரு மணி.

ஜூலை 2, செவ்வாய்

படங்கள் ஈரத்தோடு வந்தன. ரோஸ்விதா பெரிய மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். மேல் வரிசை எலெக்ட்ரான் படம், கீழ் வரிசை சாயப் படம்.

மேல் வரிசையில் சின்னச் செல்லுக்குள் கணிகங்கள். சந்தேகமே இல்லை, இரட்டைத் தோலோடு, நாலு. அதே இடம், அடுத்த துண்டு, கீழ் வரிசை: கறுப்பு. நாலுமே அப்படி. படத்தின் ஓரத்தில் பெரிய செல்லின் கணிகங்கள் பளிச்சென்று இருக்கின்றன. ஃபிலிமுக்குக் கண்புரை கிடையாது.

டாக்டர் ரேசெ அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் ரோஸ்விதாதான், "வீடு நிக்குது, உள்ள ஆள் இல்ல" என்றாள்.

"ஆமா" என்றார் அவர். "ஏறும்போதே, இல்லை, ஏறின உடனேயே காலி. முட்டை வாசல் வரைக்கும் போகவே இல்லை." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மே ஏழாம் தேதி சொன்னீங்க" என்றார்.

தேதி வரை நினைவு வைத்திருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

தட்டச்சு செய்யும் அம்மாளிடம் போய் மூன்று அத்தியாயத்தையும் திரும்ப வாங்கி வந்துவிட்டார். ஒரு வருடம் தள்ளிப் போகும். வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொன்னாரோ. மாடிப்படியில் எதிரே வந்தபோது நான் ஒதுங்கி நின்றேன். "வழி விடாதீங்க" என்றார். "நான்தான் ஒதுங்கணும்."

எனக்கு வருத்தமாக இருந்தது, நிஜமாகவே. சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் இங்கே எழுதலாம், வேறு எங்கே எழுதுவது?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஜெரேனியம் மறு எண்ணிக்கை முடிந்தது. வலது கண்ணால் ஒரு முறை, ஃபிலிமில் ஒரு முறை. இந்தத் தடவை மொட்டின் வயதுப்படி பிரித்தேன்.

சின்னச் செல் பிறந்த உடனே பன்னிரண்டு. ஒரு நாள் கழித்து இருபதுக்கு மேல். பூ விரியும்போது நாற்பத்தொன்று.

கூடுகிறது. ஏப்ரலில் எல்லா வயதிலும் எனக்குப் பதினொன்றாகவே தெரிந்தது. ஏன் என்று இப்போது புரிகிறது, மிகப் பிரகாசமான புள்ளிகளை மட்டும்தான் இடது கண் பிடித்திருக்கிறது. உருளைக்கிழங்குத் தகப்பன் ஏறிய உடனே காலி செய்கிறான், ஜெரேனியத் தகப்பன் போகப் போக நிரப்பிக்கொண்டே போகிறான். இரண்டும் அதே வயதில், முட்டையைப் பார்ப்பதற்கு எவ்வளவோ முன்னால். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக் கதை போயிருக்கும்.

டாக்டர் ரேசெயிடம் காட்டினேன். பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

துறைக் கூட்டம். முப்பது பேர். நான் படத்தட்டு மாற்றும் வேலை, திரையில் படம் காட்டும் இயந்திரத்துக்குப் பின்னால். பதினேழு துண்டின் படம் திரையில் வந்தபோது பேராசிரியர் லாட்டர்பாக் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவர்தான் துறைத் தலைவர், எதற்கும் எழுந்திருக்க மாட்டார்.

"இதை வெட்டினது யாரு?"

"ஃப்ராவ் கோப்பே" என்றார் டாக்டர் ரேசெ. "முதல்ல நான் நம்பலை. சாயம் சரியில்லைன்னேன், அப்புறம் அவங்க கண்ணு சரியில்லைன்னேன். அவங்க ஜெரேனியத்துல நடந்த தன்னோட தப்பைத் தானே வந்து சொன்னாங்க. அப்புறம் நம்பாம இருக்க முடியலை."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுத்த படத்தட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கட்டுரைக்குப் பெயர்கள். என்னையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உதவியாளர்களுக்குக் கடைசியில நன்றி சொல்றது நம்ம வழக்கம்" என்றார் பேராசிரியர். கெட்ட எண்ணத்தில் இல்லை, வழக்கம் அதுதான். என் பெயர் ஒன்பது கட்டுரைகளின் கடைசி வரியில் இருக்கிறது.

"தெரியும்" என்றார் டாக்டர் ரேசெ. "ஆனா இதுல நன்றின்னு மட்டும் போட்டா, செஞ்சது நான்னு ஆயிடும். நான் செய்யலையே."

பேராசிரியர் என்னிடம் கேட்டார், "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. இருபத்தேழு வருடப் பழக்கம். சொல்லவில்லை. "வேணும்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதினார். இரண்டாவது பெயர்.

டிராமில் வரும்போது நான் சொன்ன அந்த ஐந்து வார்த்தை... இல்லை, மூன்றுதானா? எண்ணிப் பார்த்தேன். இரண்டு.

நவம்பர் 21, வியாழன்

கண் மருத்துவர்: இடது இன்னும் முற்றவில்லை, வலது நன்றாக இருக்கிறது. மூக்கு இப்போதெல்லாம் இடிப்பதில்லை.

1986 மே 13, செவ்வாய்

அச்சுப் பிரதி வந்தது. ரேசெ, கோப்பே, லாட்டர்பாக். நடுவில் நான். மூன்றாம் பக்கத்தில் பதினேழு படம், கொஞ்சம் சின்னதாக்கிவிட்டார்கள்.

ஆர்னோ ஒன்றைப் பணிமனைக்கு எடுத்துப் போனான். படித்தார்களா என்று கேட்டேன். "ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியலை. ஆனா உன் பேர் இருக்கிற வரியில மட்டும் எல்லார் கைரேகையும் இருக்கு." பார்த்தேன், நிஜமாகவே எண்ணெய்க் கறை. அந்தப் பிரதியைத்தான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

டாக்டர் ரேசெயின் ஆய்வேடும் தட்டச்சுக்குப் போயாயிற்று. நான்காம் அத்தியாயம் முன்பைவிட நீளம்.

ஜூன் 19, வியாழன்

பிரதி கேட்டு அஞ்சலட்டைகள். ப்ராக், உப்சாலா, லைடன், இரண்டு ஜப்பானிலிருந்து. இதுவரை முப்பத்தாறு. நாலு அட்டையில் 'டாக்டர் கோப்பே'. ரோஸ்விதா அறைக்குள் வரும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டு, "உள்ள வரலாமா, டாக்டர்?" என்கிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன வாரம் லைடனிலிருந்து ஒரு கடிதம், ஹெய்லிகர்ஸ் என்பவர். பிரதி ஏற்கெனவே கிடைத்துவிட்டதாம். அவர்கள் ஆய்வகத்தில் இரண்டு மாதமாக அதே மாதிரி வெட்டப் பார்க்கிறார்களாம், பத்தைத் தாண்டவில்லையாம். எப்படி என்று எழுத முடியுமா?

டாக்டர் ரேசெ கடிதத்தை என் மேஜையில் வைத்தார். "உங்களுக்குத்தான்."

நாலு நாள் எழுதினேன். கத்தியின் கோணம், தண்ணீர் மட்டம், திருகைத் திருப்பிய பிறகு எத்தனை நொடி பொறுப்பது, ஊதா பச்சையாக மாறினால் என்ன செய்வது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதம், அவர் கையெழுத்து இல்லாமல் போகாது. இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே நாலு பக்கமும் படித்தார்.

"'நாங்கள் வெட்டினோம்', 'நாங்கள் பொறுத்திருந்தோம்'... யாரு இந்த நாங்கள்?"

"கட்டுரையில அப்படித்தானே எழுதறீங்க."

"இது கட்டுரை இல்லை." பென்சிலை எடுத்து முதல் 'நாங்கள்' மேல் ஒரு கோடு போட்டார். மீதியை என்னிடமே நீட்டினார்.

நாலு பக்கத்தையும் திரும்ப டைப் அடித்தேன். பதினாலு இடத்தில் 'நான்'. மூன்று மணித் தபாலில் போய்விட்டது.